பூஜ்யத்தில் பவளம் வளராது

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க வருகிறவர் காதில் முதலில் விழும் உபதேசம், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்பது. சிங்கப்பூரில் வீவக வீட்டு வரவேற்பறையில் பல வருஷமாகத் தொட்டி வைத்திருப்பவன் நான். அந்த உபதேசத்தை நம்பிப் பவளத்தைப் பட்டினி போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடலில் பவளத்திட்டு நீரைச் சோதித்தால் இரண்டும் இல்லாத மாதிரிதான் தெரியும். உண்மைதான். ஆனால் அங்கே நீரோட்டம் மிதவை உயிர்களை ஓயாமல் கொண்டுவந்து கொட்டுகிறது, மீன்கூட்டம் கழிவிடுகிறது, பவளம் பிடித்துத் தின்கிறது. நம் தொட்டியில் அந்த வரத்து ஏது? பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தை வைத்து அதற்குப் பெரும்பகுதி உணவைத் தயாரித்துக் கொடுக்கிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் வேண்டும், பாஸ்பரஸும் வேண்டும். நைட்ரஜன் ஏறி பாஸ்பேட் வற்றிப்போனால் பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் சீக்கிரமே வெளுக்கிறது என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் யோர்க் வீடன்மன் குழு 2013-இல் எழுதியது. எனவே இரண்டில் நான் அதிகம் பயப்படுவது பாஸ்பேட் பூஜ்யமாவதற்குத்தான். என் தொட்டியில் நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 முதல் 0.1 பிபிஎம் வரை வைத்திருக்கிறேன்.

பாஸ்பேட்டை நிறம் பார்த்துச் சொல்லும் சாதா கிட்டில் அளக்காதீர்கள். அந்த வெளிர் நீலத்தில் 0.03-க்கும் 0.08-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கையடக்க ஹன்னா மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்பரஸ் காட்டும் மாடலில் 20 என்று வந்தால் 3.066-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும், பாஸ்பேட் 0.061. குப்பியில் விரல் ரேகை இருந்தாலும், உள்ளே சின்னக் குமிழ் ஒட்டியிருந்தாலும் எண் ஏறிவிடும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். மீட்டரே 5 எண் முன்பின் காட்டக்கூடியது. ஆகவே 4, 5 என்று வந்தால் பாஸ்பேட் இருக்கிறதென்று திருப்திப்படாதீர்கள், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். நைட்ரேட் நீரிலேயே கிடக்கும். 20 பிபிஎம் இருக்கும்போது பத்து சதவீத நீரை மாற்றினால் 18 ஆகும், கணக்கு நேராக வரும். பாஸ்பேட் அப்படியில்லை. பாறையும் மணலும் சுண்ணாம்பு; பாஸ்பேட்டைப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்ளும், நீரில் குறைந்தால் திருப்பி விடும். நீரை மாற்றிய மறுநாளே பழைய எண் வந்து நிற்பதன் காரணம் இதுதான். புதிய காய்ந்த பாறை வைத்த தொட்டியில் நிலைமை தலைகீழ்: எவ்வளவு ஊற்றினாலும் காலையில் காணாமல் போயிருக்கும். அப்போது தினமும் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இறக்குவதிலும் அவசரம் கூடாது. நண்பர் ஒருவர் தொட்டியில் பாஸ்பேட் 0.3-ஐத் தாண்டியிருந்தது. இரும்பு ஆக்சைடு மணிகளை ரியாக்டர் நிறையப் போட்டார்; இரண்டே நாளில் எண் சரசரவென்று இறங்கியது. பவளங்கள் அந்த எண்ணில் நன்றாகவே இருந்தவை. அக்ரோபோராக்கள் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பாக நின்றன. சொல்லப்பட்ட அளவில் கால்பங்கு போட்டு, வாரக்கணக்கில் இறக்குவதே என் வழக்கம்.

வினிகரோ வோட்காவோ ஊற்றுவதும் பலன் தரும்: பாக்டீரியா பெருகி இரண்டு சத்தையும் இழுத்துக்கொள்ள, ஸ்கிம்மர் பாக்டீரியாவை வெளியே தள்ளுகிறது. ஆனால் பாஸ்பேட் பூஜ்யத்தில் இருந்தால் பாக்டீரியாவும் பெருகாது. எவ்வளவு வினிகர் ஊற்றினாலும் நைட்ரேட் அசையாது. அங்கே துளி பாஸ்பேட் சேர்த்தால் நைட்ரேட் தானாக இறங்க ஆரம்பிக்கும்.

இரண்டையும் துடைத்தெடுத்த தொட்டியைத் தேடி டைனோ வந்துவிடும். மணல்மேல் பழுப்புச் சளி, நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழ். இரவில் மங்கி மதியம் மறுபடி தழைக்கும். சில வகை நத்தைகளைக் கொன்றுவிடும். பாசி என்று நினைத்துச் சத்தை இன்னும் குறைத்தால் இன்னும் பரவும். மீனுக்குச் சாப்பாட்டைக் கூட்டுங்கள், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் மேலே கொண்டுவாருங்கள்.

சாப்பாட்டைக் குறைத்துச் சத்தைக் குறைக்கும் யோசனையே எனக்குப் பிடிக்காது. மீன் மெலியும், பவளமும் வெளிறும். நிறையப் போட்டு, நிறைய வெளியே எடுங்கள்: நல்ல ஸ்கிம்மர், சம்ப்பில் விளக்குக்கடியில் சீட்டோ பாசி. உறைந்த மைசிஸைக் கழுவிப் போடலாம், ஆனால் சத்தில் பெரும்பகுதி சதையிலேயே இருக்கிறது. சத்து குறைவான தொட்டியில் காரத்தன்மையை 8 டிகேஹெச்-சை ஒட்டியே வையுங்கள்; அதற்கு மேல் ஏற்றினால் அக்ரோபோராவின் நுனி கருகும்.

இன்னொன்று நம் ஊர்க் குழாய்நீர். இங்கே குளோரமின் கலக்கிறார்கள். கார்பன் வடிகட்டி அதை உடைக்கும்போது அம்மோனியா பிரியும், ஆர்.ஓ. சவ்வைத் தாண்டி வருவதை டி.ஐ. ரெசின்தான் பிடிக்கும். ரெசின் தீர்ந்துபோனால் அது தொட்டிக்குள் போய் நைட்ரேட்டாகிவிடும். நிறம் முழுக்க மாறும்வரை காத்திருக்காமல், டிடிஎஸ் மீட்டரில் 1 காட்டியதுமே ரெசினை மாற்றிவிடுங்கள்.