மலையேறும் மரங்கள்

ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுவோர் விடியுமுன்பே மரத்தடிக்குச் சென்றுவிடுவது ஏன் என்பதை வாசகர்கள் நன்கறிவர். குளிர்ந்த வைகறைப் பொழுதில் மரத்தினுள் நீர் நிறைந்து நிற்கிறது. அந்த அழுத்தத்தால் பால் தாராளமாக வடிகிறது. கதிரவன் மேலே எழுந்ததும் இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. அழுத்தம் தளர்கிறது, மங்கில் விழும் பாலும் குறைகிறது. ஒரு காலைப்பொழுதின் வெப்பத்தையே மரம் இவ்வளவு நுட்பமாக உணருமானால், ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துவரும் உலக வெப்பம் குளிர் நாடும் மலைமரங்களை என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை காணப் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்வோம்.

உயரமும் குளிரும்

மலையில் ஏற ஏறக் குளிர் மிகும். நூறு மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 0.6 பாகை செல்சியசு வெப்பம் குறைகிறது. சமவெளித் தோட்டங்களில் சராசரி வெப்பம் 27 பாகை அளவில் இருக்க, சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் அது 18 பாகையை ஒட்டியே இருக்கிறது.

இக்குளிர்ச்சிக்கேற்பவே தாவரங்களும் படிப்படியாக அமைந்துள்ளன. லெம்பா பெர்த்தாம் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கிடக்கும் பள்ளத்தாக்கு. அங்கிருந்து தேயிலைச் சரிவுகளையும் காய்கறித் தோட்டங்களையும் கடந்து மேலே சென்றால், கருவாலி இனத்து மரங்கள் மிகுந்த மலைக்காடு தொடங்குகிறது. இன்னும் மேலே, 2,031 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலையின் உச்சியை நெருங்குகையில், மரங்கள் குட்டையாகவும் கோணலாகவும் காட்சி தருகின்றன. அடிமரமும் கிளையும் பாசி போர்த்தி நிற்கின்றன. இதுவே பாசிக்காடு. கெலாம் புக்கிட் எனும் மரமும், அழகிய மலர் தரும் ரோடோடென்ட்ரான் புதர்களும், பூச்சிகளைப் பிடித்துண்ணும் குடுவைத் தாவரங்களும் இங்குக் குடியிருப்பவை.

முகிலைக் குடிக்கும் காடு

பாசிக்காடு மழையை மட்டும் நம்பி வாழ்வதன்று. மலையைத் தழுவிச் செல்லும் முகிலிலுள்ள நுண்துளிகளை இலைகளும் பாசியும் சீப்பினால் வாரியெடுப்பதைப் போல் பிடித்துக்கொள்கின்றன. அந்நீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் இறங்கி, ஊற்றாகி, ஓடையாகிறது.

காற்று வெப்பமடைந்தால் அதிலுள்ள ஈரம் முகிலாகத் திரள்வதற்கு இன்னும் மேலே செல்ல வேண்டியிருக்கும். அடிவாரக் காடு அழிக்கப்பட்டால் நிலம் சூடேறி, முகிலின் அடிமட்டம் மேலும் உயரக்கூடும். மழை குறையாவிடினும் மூடுபனி குறைந்தால் பாசி உலரும். பாசியை நம்பிய செடிகளும் வாடும்.

மரங்கள் எவ்வாறு ஏறுகின்றன?

மரத்திற்குக் கால் இல்லை. அது மலையேறுவது தன் விதையின் வாயிலாகவே. கீழ்ச் சரிவில் விழும் விதை வெப்பம் தாளாமல் அழிய, மேல் சரிவில் விழும் விதை முளைத்துத் தழைக்குமானால், சில தலைமுறைகளில் அந்த இனமே இடம் பெயர்ந்துவிடும்.

இது வெறும் கற்பனையன்று. 1802-ஆம் ஆண்டில் அறிஞர் அலெக்சாந்தர் ஃபொன் ஹம்போல்ட் தென் அமெரிக்காவின் சிம்போராசோ மலையில் எந்தெந்தச் செடி எந்த உயரத்தில் வளர்கிறது என்பதைக் குறித்து வைத்தார். 2012-இல் ஆய்வாளர்கள் அதே மலையில் மீண்டும் ஆராய்ந்தபோது, தாவரங்களின் எல்லை 500 மீட்டருக்கும் மேலாக உயர்ந்திருப்பதாகக் கணக்கிட்டனர். நம் நாட்டுச் சபா மாநிலத்தின் கினாபாலு மலையில் 1965-இலும் 2007-இலும் அந்துப்பூச்சிகளை ஆராய்ந்தவர்கள், அந்த 42 ஆண்டுகளில் அவை சராசரியாக 67 மீட்டர் மேலேறியிருப்பதைக் கண்டனர்.

எனினும் எல்லாத் தாவரங்களும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ரோடோடென்ட்ரானின் விதை தூசி போன்றது. காற்று அதை எளிதில் சுமந்து செல்லும். கருவாலியின் கொட்டையோ கனமானது. மரத்தடியில் விழும் அதனை அணில் போன்ற உயிர்கள் எடுத்துச் சென்றால்தான் உண்டு. ஆகவே, நெடுங்காலம் ஒன்றாக வாழ்ந்த காட்டுக் குடும்பம் கலைந்து போக நேரிடும்.

மற்றோர் உண்மையையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். முதிர்ந்த மரம் பல்லாண்டுகள் வெப்பத்தைத் தாங்கி நிற்கும். காண்போர் காடு நலமாக இருப்பதாக எண்ணுவர். ஆனால், அதன் அடியில் கன்றுகள் முளைக்கவில்லையாயின் அது பிள்ளையில்லாத வீடு போன்றதே. ஒரு காட்டின் நலத்தை அறிய விரும்புவோர் மரத்தின் முடியை மட்டுமன்றி, அதன் அடியிலுள்ள கன்றுகளையும் பார்க்க வேண்டும்.

உச்சிக்கு மேல் இடமில்லை

தொழில்மயத்திற்கு முந்திய 1850–1900 காலத்தைவிட, 2011–2020 காலத்தில் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.1 பாகை உயர்ந்திருந்தது. முன்னர்க் கூறிய கணக்கின்படி, அந்த அளவு வெப்பத்தை ஈடுசெய்ய ஒரு மரம் ஏறத்தாழ 180 மீட்டர் மேலேற வேண்டும்.

பிரிஞ்சாங் உச்சியிலுள்ள புதர் எங்கே ஏறும்? அருகிலுள்ள இராவ் மலையின் உயரம் 2,110 மீட்டர். வேறுபாடு 79 மீட்டரே. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான தாகான் மலைகூட 2,187 மீட்டர்தான். அதுவும் வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து நெடுந்தொலைவில் உள்ளது. கடல் சூழ்ந்த தீவைப் போல, உச்சிக்காடு வெப்பம் சூழ்ந்த தீவாக இருக்கிறது.

பண்டைப் பனியூழிக் காலத்தில் மலைத்தாவரங்கள் தாழ்ந்த இடங்களிலும் வளர்ந்தன என்பதற்குச் சுமத்திரா மலை ஏரிகளின் அடிச்சேற்றிலுள்ள மகரந்தம் சான்று கூறுகிறது. பின்னர் வெப்பம் உயர, அவை மேலேறின. அப்போது அவற்றுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அவகாசம் இருந்தது. இப்போதைய மாற்றமோ ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்கிறது.

பள்ளத்தாக்கின் கவலை

உச்சியிலுள்ள புதர் அழிந்தால் அடிவாரத்து உழைப்பாளிக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பாசிக்காடு பிடித்துவைத்து மெல்ல விடும் நீரே வறண்ட நாளிலும் மலையோடைகளை ஓடவைக்கிறது. அவ்வோடைகள் சேரும் பெர்த்தாம் ஆற்றின் நீர் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் தேக்கப்பட்டு, மின்னாற்றலாக மாறுகிறது. சரிவுகள் மொட்டையாக்கப்பட்டதால் அத்தேக்கத்தில் மண் படிந்துள்ளது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்து உயிர்களையும் வீடுகளையும் கொண்டது. மேல் சரிவில் நேர்வதற்குக் கீழே வாழ்வோர் விலை கொடுக்க நேரும் என்பதை அது உணர்த்தியது.

நாம் செய்யத்தக்கவை

உலக வெப்பத்தை ஒரு தோட்டத்தார் மட்டும் தணிக்க இயலாது. ஆயினும், மரங்கள் மேலேறும் வழியை நாம் அடைக்காதிருக்கலாம். அடிவாரம் முதல் உச்சிவரை காடு தொடர்ந்திருந்தால்தான் விதை மேலே செல்லும். இடையிலுள்ள காட்டை வெட்டினால் அது படிக்கட்டின் நடுப்படிகளைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும். ஓடைக்கரை மரங்களை விட்டுவைப்பதும், செங்குத்தான சரிவுகளைத் திருத்தாதிருப்பதும் இன்றியமையாதவை. விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்வோர் பாசியை மிதியாமலும், குடுவைத் தாவரங்களையும் மலர்ச்செடிகளையும் பிடுங்கி வாராமலும் இருப்பது நன்று. கைவிரலளவு கன்றுதான் நாளைய காடு. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் அக்கன்றையும் அவர்களுக்குக் காட்டுவாராக.