போலாப் புயல்

கேள்வி: புயல் எல்லாக் கடற்கரையிலும்தான் வீசுகிறது. வங்கதேசத்தில் மட்டும் ஏன் லட்சக்கணக்கில் மாண்டார்கள்?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: அங்கே ஆளைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர்தான். வங்காள விரிகுடா வடக்கே போகப் போகக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. புயல் தள்ளிக்கொண்டு வரும் நீர் ஒதுங்க இடமில்லாமல் மேலே எழும்புகிறது. எதிரே இருப்பதோ கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டல் தீவுகள், மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத தரை.

1970 நவம்பர் 12 இரவு போலாப் புயல் கரையேறியபோது கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டது. 3 முதல் 5 லட்சம் பேர் போனார்கள். பிழைத்தவர்கள் பலருக்கு மார்பிலும் கைகளின் உட்புறத்திலும் தோல் உரிந்திருந்தது: மரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிய காயம். அந்தப் பிடிக்கு வலுவில்லாத குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம் செத்தார்கள். இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்கத்தை அப்போது ஆண்ட பாகிஸ்தான் அரசு நிவாரணத்தில் காட்டிய மெத்தனம் மன்னிக்க முடியாதது. அடுத்த மாதத் தேர்தலில் கிழக்கு வங்கம் அதற்குப் பதில் சொன்னது.

1991-இல் வீசிய புயலிலும் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். அதன்பின் தூண்கள்மேல் நிற்கும் காங்கிரீட் காப்பகங்கள் பெருகின. தொண்டர்கள் மெகாபோனோடு ஊர் ஊராகப் போய் மக்களைக் கிளப்பினார்கள். 2007-இல் சித்ர் புயல் மிகக் கடுமையாகத்தான் அடித்தது. அரசுக் கணக்கில் சாவு சுமார் 3,400.