சித்தூர் தந்த துணைவேந்தரும் ஒப்பீட்டு அரசியல் என்னும் படிப்பும்



பிளஸ் டூ முடித்த பிள்ளை "அரசியல் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "படித்துவிட்டு எலெக்‌ஷனில் நிற்கப் போகிறாயா?" என்பது. இரண்டாவது கேள்வி, "அது சோறு போடுமா?" என்பது. இந்த ஆண்டு நம் சங்கக் குடும்பங்களிலேயே இரண்டு வீடுகளில் இந்த வழக்கு நடக்கிறது. ஒரு வீட்டில் தகப்பனாரும் மகளும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே அந்தப் படிப்பு எதைப் பற்றியது, அதைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நான் பேராசிரியன் அல்லேன். சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிறந்தது சித்தூரில். சித்தூர்க்காரனுக்கு இந்த விஷயத்தில் ஒரு பாத்தியதை உண்டு. அது போகப் போகத் தெரியும்.

ஒப்பீட்டு அரசியல் என்பது கட்சிகளைப் பற்றிய அரட்டை அல்ல. ஒரு நாட்டின் ஆட்சிமுறையை இன்னொரு நாட்டின் ஆட்சிமுறைக்குப் பக்கத்தில் வைத்து, இங்கே இப்படி நடந்தது அங்கே ஏன் நடக்கவில்லை என்று காரணம் தேடும் படிப்பு அது. கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில்தான் இதற்கு மூத்தவர். அவரும் மாணவர்களுமாக 158 நகர அரசுகளின் ஆட்சியமைப்புகளைத் திரட்டினார்கள் என்பது பழைய செய்தி. அவற்றுள் நமக்கு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்திருப்பது ஏதென்ஸைப் பற்றியது ஒன்றுதான். அதுவும் எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளிலிருந்து 1891-ல்தான் அச்சேறியது.

எங்கள் தொழிலிலும் இதே முறை உண்டு. ஒரு கிலோமீட்டரில் பாதை அடிக்கடி லெவல் இறங்குகிறது, அடுத்த கிலோமீட்டரில் இறங்குவதில்லை என்றால் என்ன செய்வோம்? இரண்டிலும் ஒரே தண்டவாளம், ஒரே ஸ்லீப்பர், ஒரே வண்டிகள் ஓடுகின்றன. ஆகவே காரணம் அவற்றில் இல்லை. ஜல்லிக்கு அடியில் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கப் போவோம். ஒத்திருப்பவற்றைக் கழித்துவிட்டு ஒவ்வாததைத் தேடுவது, அவ்வளவுதான்.

இதை நமக்கு நெருக்கமான ஓர் உதாரணத்தில் பார்ப்போம். இந்தியாவும் இலங்கையும் ஒரே வெள்ளைக்காரன் விட்டுப்போன இரண்டு வீடுகள். 1947-ல் ஒன்று, 1948-ல் ஒன்று. இரண்டுக்கும் லண்டன் பாணி நாடாளுமன்றம். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது இலங்கைக்கு 1931-லேயே வந்துவிட்டது. இந்தியாவில் அப்படி நடந்த முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல்தான். அனுபவத்தில் இலங்கைதான் மூத்தது. இருந்தும் 1956-ல் அங்கே சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது. அதே 1956-ல் இங்கே மொழிவாரியாக மாநிலங்களைத் திருத்தி அமைத்தார்கள். ஏன் இந்த வேறுபாடு? "நம் தலைவர்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள்" என்று சொன்னால் அது திண்ணைப் பேச்சு. ஒப்பிடுகிறவன் முதலில் எண்ணிக்கையைப் பார்ப்பான். இலங்கையில் சிங்களவர் அன்று சுமார் 70 சதவிகிதம். இந்தியாவில் இந்தி பேசுவோர் 2011 கணக்கெடுப்பில்கூட சுமார் 44 சதவிகிதம்தான். ஒரு மொழிக்காரர்கள் மட்டும் சேர்ந்து டெல்லியில் எதையும் நிறைவேற்றிவிட முடியாது. அடுத்து அமைப்பைப் பார்ப்பான். இலங்கையில் எல்லா அதிகாரமும் கொழும்பில். இங்கே மாநிலம் என்று ஓர் அடுக்கு இருந்தது, புது மாநிலம் அமைக்க அரசியல் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வழிவிட்டது. இந்த இரண்டும் முழு விடை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்வி சரியான இடத்துக்கு வந்துவிட்டது. 1987-ல் இலங்கை அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி என்றது. அதற்குள் எத்தனை உயிர்கள் போயின என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி எங்கள் ஊர்க்காரருக்கு வருகிறேன்.

சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சி என்ற ஊரில் 1880 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. சி. ஆர். ரெட்டி என்றால்தான் பலருக்கும் தெரியும். அன்று சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். தனி மாவட்டமானது 1911-ல். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, அரசாங்க ஸ்காலர்ஷிப்பில் கேம்பிரிட்ஜ் போனார். எஞ்ஜினியரிங் அல்ல, சட்டம் அல்ல, வரலாறு படித்தார். 1905-ல் முதல் வகுப்பில் தேறினார். கேம்பிரிட்ஜ் யூனியன் என்னும் புகழ்பெற்ற விவாத மன்றத்தின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். தாய்மொழியையும் விட்டுவிடவில்லை. இங்கிலாந்து போவதற்கு முன்பே தெலுங்கில் 'முசலம்ம மரணமு' என்ற காவியம் எழுதியவர். பின்னாளில் பொருளாதாரத்தைப் பற்றியும் தெலுங்கிலேயே புத்தகம் எழுதினார்.

திரும்பி வந்து பரோடா கல்லூரியில், முன்பு ஸ்ரீ அரவிந்தர் வகித்த துணை முதல்வர் பதவியில் இருந்தார். பிறகு மைசூர் மகாராஜா கல்லூரி. இங்கேதான் அவர் படிப்பு வேலைக்கு வந்தது. அப்போது மைசூர் சமஸ்தானத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. தங்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று சமஸ்தானம் நினைத்தது. திவான் யார் தெரியுமா? நம் விஸ்வேஸ்வரய்யா, எஞ்ஜினியர்! எஸ்டிமேட் போடுவதற்கு முன் சர்வே எடுக்கும் ஆசாமி. ரெட்டியும் தாமஸ் டென்ஹாம் என்ற பேராசிரியரும் மேற்கிலும் கிழக்கிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார்கள். சிகாகோ அசல் ஆராய்ச்சிக்குப் பேர் போனது. விஸ்கான்சின், படிப்பை வளாகத்துக்கு வெளியே பொதுமக்களிடம் கொண்டுபோனது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பொதுவாழ்வுக்கு ஆள் தயாரித்தன. இந்த மூன்று மாதிரிகளையும் அவர்கள் கருத்தில் வைத்திருந்தார்கள். 1916 ஜூலை 27-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. பிரிட்டிஷ் நேரடி ஆட்சிக்கு வெளியே இந்தியாவில் தோன்றிய முதல் பல்கலைக்கழகம் அது.

ஒப்பிடுவது வேறு, காப்பி அடிப்பது வேறு. காட்பாடி ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் பிராட்கேஜும் மீட்டர்கேஜும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பிராட்கேஜ் 1676 மில்லிமீட்டர், மீட்டர்கேஜ் 1000. நல்ல வண்டிதானே என்று மெட்ராஸ் வண்டியைத் தூக்கிப் பாகாலா பாதையில் வைத்துவிட முடியாது. சரக்கை இறக்கி, இந்தப் பாதைக்கான வேகனில் ஏற்ற வேண்டும். கல்வி நிர்வாகத்திலும் இந்தச் சரக்கு மாற்றும் வேலைதான் கடினம். ரெட்டி அதைச் செய்ய முயன்றார். 1916 முதல் 1918 வரை மகாராஜா கல்லூரி முதல்வர், பிறகு 1921 வரை சமஸ்தானத்தின் கல்வித் துறைத் தலைவர்.

அதன்பின் சென்னைச் சட்டசபைக்கு வந்தார். முதலில் நீதிக்கட்சி, பிறகு அதற்கு எதிர்வரிசை. 1923 நவம்பர் 27-ல் பனகல் ராஜாவின் மந்திரிசபை மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர் இவரே. 44-க்கு 65 என்ற கணக்கில் தோற்றது. தோற்றாலும், மந்திரிசபை சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற இங்கிலாந்து வழக்கத்தை இரட்டை ஆட்சியின் அரைகுறைச் சட்டத்துக்குள் சோதித்துப் பார்த்த காரியம் அது. கட்சி மாறியதை நான் பெரிதாகப் பாராட்ட மாட்டேன். அரசியல்வாதியாக அவர் எங்கும் நிலைத்து நிற்கவில்லை. நிலைத்தது கல்வியில்.

1926-ல் ஆந்திரப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் முதல் துணைவேந்தர் ஆனார். தலைமையிடம் எங்கே என்று பெரும் சண்டை. முதலில் பெஜவாடா, கடைசியில் 1930-ல் விசாகப்பட்டினத்து வால்டேர். பணத்துக்கு ஜெய்ப்பூர் மகாராஜா விக்ரம தேவ வர்மா ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தந்தார். ராஜஸ்தான் ஜெய்ப்பூர் என்று நினைத்துவிடாதீர்கள், இது இன்றைய ஒடிசாவில் இருப்பது. இப்படிக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்போதே, 1930-ல் உப்புச் சத்தியாக்கிரக காலத்து அடக்குமுறையைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார்! அன்று அவர் காங்கிரஸ்காரரும் அல்லர். சர்க்கார் நியமனத்தில் உட்கார்ந்திருப்பவர் சர்க்காரை எதுவரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு அவர் காகிதத்தில் விடை எழுதவில்லை, நாற்காலியைக் காலி செய்தார்.

அவருக்குப் பின் 1931 முதல் 1936 வரை துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தது திருத்தணி, பள்ளியில் படித்தது திருப்பதியிலும். ஆக, ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு துணைவேந்தர்களும் பழைய வட ஆர்க்காட்டு மண்ணின் பிள்ளைகள். 1936-ல் ரெட்டி மறுபடி வந்து 1949 வரை இருந்தார். நடுவில் யுத்தம். ராணுவம் வளாகத்தை எடுத்துக்கொள்ள, பல்கலைக்கழகம் குண்டூருக்குக் குடிபெயர்ந்து மீண்டது. அந்தப் பல்கலைக்கழகத்தில் எஞ்ஜினியரிங் தொடங்கியது 1946-ல். வரலாறு படித்தவர் துணைவேந்தராக இருந்தபோது என்பதை எஞ்ஜினியரிங் மோகம் கொண்ட பெற்றோர்கள் கவனிக்கவும். பின்னர் மைசூர்ப் பல்கலைக்கழக இணைவேந்தராகி, 1951 பிப்ரவரி 24-ல் காலமானார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் வளர்த்த பல்கலைக்கழகத்தில் அவருடைய சொந்த மாவட்டம் சேரவில்லை! கடற்கரை மாவட்டத்தாரோடு இருக்க ராயலசீமைக்காரர்களுக்கு மனம் ஒப்பவில்லை; சித்தூரும் சென்னைப் பல்கலைக்கழகத்தோடேயே இருந்தது. 1937-ன் ஸ்ரீபாக் ஒப்பந்தத்தில் அனந்தபூரிலும் ஒரு பல்கலைக்கழக மையம் என்று எழுதினார்கள். கடைசியில் 1954-ல் தனிப் பல்கலைக்கழகம் வந்தது, திருப்பதிக்கு. அதுதான் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம். தேவஸ்தானம் 1945-லேயே அங்கே ஒரு கலைக் கல்லூரி தொடங்கியிருந்தது.

எல்லைச் சண்டையும் இந்தப் பாடத்தில் சேர்த்திதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் தெலுங்கு. எந்த மாநிலத்தில் சேர்ப்பது? ம.பொ.சி. அவர்களின் வடக்கெல்லைப் போராட்டம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழி, நிலத் தொடர்ச்சி என்று அளவுகோல் வைத்தார். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது, சித்தூரும் திருப்பதியும் அங்கேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உலகில் எல்லைகள் எப்படியெல்லாம் வரையப்பட்டிருக்கின்றன என்று ஒப்பிட்டால், கணக்கெடுப்புப் புத்தகத்தை வைத்து வரைந்த இந்தக் கோடு மேல்.

சோறு போடுமா என்ற கேள்விக்கு வருவோம். இன்று கேம்பிரிட்ஜ் பட்டத்தோடு நேராக முதல்வர் நாற்காலியில் உட்கார முடியாது. 2018-ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிகளின்படி, உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவிகிதமும் நெட் அல்லது மாநில செட் தேர்வும் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவிகிதம் தளர்வு. கல்லூரி முதல்வராக முனைவர் பட்டமும் 15 ஆண்டு அனுபவமும், துணைவேந்தராகப் பேராசிரியராக 10 ஆண்டும் கேட்கிறார்கள். நெட் தேர்விலேயே ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஆராய்ச்சிக் காலத்தில் மாதா மாதம் உதவித்தொகை உண்டு. விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், சேரும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். நீண்ட பாதைதான். முப்பது வயதுவரை வீட்டார் தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். மலேசியா, சிங்கப்பூர், இலங்கை மூன்றிலும் நம் உறவினர்கள் இருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரு அட்டவணை போடுங்கள். நாட்டுத் தலைவர் யார், எப்படி வருகிறார்? மலேசியாவில் ஒன்பது சுல்தான்-மன்னர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இலங்கையில் 1978 முதல் நிர்வாக அதிகாரமுள்ள ஜனாதிபதி. மாநிலங்கள் உண்டா? தமிழுக்குச் சட்டத்தில் என்ன இடம்? சிங்கப்பூரில் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. கட்டங்களை நிரப்பிய பிறகு, ஒத்திருப்பவற்றை அடித்துவிட்டு மிச்சத்தைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி ஆசிரியர் குழுவிடம் கொடுங்கள். நன்றாக எழுதும் பிள்ளைகளுக்கு என் செலவில் ஒரு அட்லஸ் தருகிறேன்.