மாடிப்படியும் அறுவைச் சிகிச்சையும்

மாணவர்களே! வேலை, ஆற்றல், திறன் ஆகியவற்றைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சையை எதிர்நோக்கும் ஒரு பெண்ணுக்கும் அந்தக் கணக்கு உதவும் என்பதை இப்போது காண்போம்.

50 கிலோகிராம் எடையுள்ள பெண் ஒருவர் 3 மீட்டர் உயர மாடிக்கு 15 வினாடியில் ஏறுகிறார் எனக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துக்கொண்டால், அவர் செய்த வேலை 50 × 10 × 3 = 1500 ஜூல். திறன் 100 வாட். ஆனால் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பமாகிறது. ஆகவே உடலின் செலவு 400 வாட், அதாவது நிமிடத்திற்கு 24,000 ஜூல். ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தி உடல் பெறும் ஆற்றல் சுமார் 20,000 ஜூல். எனவே, அதே வேகத்தில் தொடர்ந்து ஏற நிமிடத்திற்கு 1.2 லிட்டர் ஆக்சிஜன் தேவை. சும்மா அமர்ந்திருக்கும்போது தேவைப்படுவதோ சுமார் 175 மில்லிலிட்டர்தான். ஏறக்குறைய ஏழு மடங்கு வேறுபாடு!

ஓய்வில் தேவைப்படும் அளவுக்கும், உடலால் இயன்ற உச்ச அளவுக்கும் உள்ள இடைவெளியே உடலின் கையிருப்பு. அறுவைச் சிகிச்சையைத் தாங்குவதும், காயம் ஆறுவதும், பின்வரும் மருத்துவத்தைத் தாங்குவதும் இந்தக் கையிருப்பைக் கொண்டுதான்.

படுத்தே இருந்தால் இது கரையும். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுடைய, நல்ல உடல்நலமுள்ள ஐந்து இளைஞர்கள் ஆய்வுக்காக மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தனர். அவர்கள் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது! பின்னர், சுமார் எட்டு வாரப் பயிற்சியால் இழந்ததை மீட்டனர்.

நோய் உறுதியானதற்கும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையே பெரும்பாலும் சில வாரங்கள் இருக்கும். "பேசாமல் படுத்திரு" என்று வீட்டார் அன்பால் சொல்வர். ஆனால் அந்த நாட்களில் விரைவு நடையும், தசைகளுக்கான எளிய பயிற்சியும் கையிருப்பைக் காக்கும். தோளை அசைக்கும் பயிற்சியையும் முன்பே கற்பது நல்லது. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை அகற்றினால் தோள் இறுகக்கூடும் அல்லவா?

உடற்பயிற்சி புற்றுநோயையே குறைக்குமா? பாஸ்டன் நகரின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்தார் 49 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் அறுவைச் சிகிச்சைக்கு முன் சராசரியாக 29 நாட்கள் உடற்பயிற்சி செய்தனர். மற்றவர்கள் மன அமைதிப் பயிற்சி செய்தனர். புற்றுச் செல்கள் பெருகும் வேகத்தில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. கட்டித் திசுவில், நோய் எதிர்ப்புடன் தொடர்புள்ள சில மரபணுக்களின் செயலில் மட்டும் மாற்றம் தெரிந்தது. ஆகவே பயிற்சி மருந்துக்கு மாற்று அன்று; பயிற்சிக்காக அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது.

உங்கள் அம்மாவோ அத்தையோ இந்நிலையில் இருந்தால், எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பிறகு நாள்தோறும் மாலையில் அவருடன் சேர்ந்து நடங்கள். நடக்கும்போது அவரால் பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுவே மிதமான வேகத்தின் அளவுகோல்.

பயிற்சி வினா: உங்கள் பள்ளி மாடியின் உயரத்தை அளந்து, நீங்கள் ஏறும் நேரத்தைக் குறித்து, உங்கள் திறனைக் கணக்கிடுக.