தோள்மூட்டைத் தெரிந்தவருக்கு அனாடமி தள்ளுபடி உண்டா?

கேள்வி: சென்னையில் பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் பட்டம்) முடித்துவிட்டு அமெரிக்கா வந்தவள் நான். மிஷிகனில் ஒன்பது வருடமாக பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். இடையில் பிசியோதெரபி முனைவர் நிலைப் பட்டமான டி.பி.டி.யும் முடித்தேன். கிரீன் கார்டு கைக்கு வந்துவிட்டது. வயது 36. ஆஸ்டியோபதி கல்லூரியில் டி.ஓ. படித்து டாக்டராக வேண்டும் என்பது ஆசை. அனாடமி, பிசியாலஜி எல்லாம் இரண்டு முறை படித்தாயிற்று. அந்த கிரெடிட்களை மாற்றிக்கொண்டு நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியுமா? கரீபியன் கல்லூரி ஒன்றின் ஏஜென்ட், "உங்கள் டி.பி.டி.யைக் கணக்கில் எடுத்து ஒன்றரை வருடம் குறைத்துத் தருகிறோம்" என்கிறார். நம்பலாமா?

— வாசகி, மிஷிகன்

பதில்: முடியாது. ஏஜென்ட்டையும் நம்ப வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரியாவிட்டால் அடுத்த ஏஜென்ட்டிடம் ஏமாறுவீர்கள்.

அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் தரும் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பது கோகா என்ற ஆணையம். நடுவில் ஒருவரைச் சேர்ப்பதென்றால் அவர் இன்னொரு டி.ஓ. கல்லூரியிலிருந்தோ, அமெரிக்காவின் இன்னொரு மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலிருந்தோ வர வேண்டும். அப்படி வந்தாலும் கடைசி இரண்டு ஆண்டைப் பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்தாக வேண்டும். அதாவது மருத்துவ மாணவர் கல்லூரி மாறலாம். வேறு தொழில் படித்தவர் நடுவில் ஏற முடியாது. நர்சிங், பார்மசி, கைரோபிராக்டிக் யாருக்கும் இதே கதைதான்.

இதில் அநியாயம் இருப்பதுபோலத் தோன்றும். எனக்கும் தோன்றியது. டி.ஓ. படித்தபோது என் வகுப்பில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார், உங்களைப் போலவே பல வருடம் வேலை பார்த்தவர். முதல் வாரம் தோளையும் கையையும் அறுத்தோம். அவர் மேசையைச் சுற்றி எப்போதும் ஐந்தாறு பேர் நிற்போம். பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற நரம்புப் பின்னலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் காட்டுவார். வயிற்றைத் திறந்த வாரம் அவரும் எங்களோடு சேர்ந்து முழித்தார். ஹிஸ்டாலஜித் தேர்வில் ஸ்லைடு பார்த்துத் திணறியவர்களில் அவரும் ஒருவர். கருவியல், நுண்ணுயிரியல், மருந்தியல் மூன்றிலும் அவருக்கு எந்த முன்தொகையும் இல்லை.

தவிர, இன்று பல கல்லூரிகளில் 'அனாடமி' என்று தனியாக ஒரு பாடம் நின்றுகொண்டிருக்காது. இதயம் என்று ஒரு பகுதி வரும்; அதன் அமைப்பு, இயக்கம், நோய், மருந்து எல்லாம் அதே சில வாரங்களில் ஓடும். இதில் உங்கள் பங்கை மட்டும் எப்படிக் கழிப்பது? சாம்பாரிலிருந்து புளியைப் பிரித்தெடுக்கிற வேலை அது. கட்டணமும் பெரும்பாலும் ஆண்டுக்கு இவ்வளவு என்றுதான். கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று அல்ல.

எனக்குத் தெரிந்து ஒரே ஒரு விலக்கு இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஈரி நகரில் உள்ள லேக் ஈரி கல்லூரியில், பிசிஷியன் அசிஸ்டென்ட்களுக்காக (பி.ஏ.) மட்டும் மூன்றாண்டு டி.ஓ. பாதை வைத்திருக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு. பி.ஏ. ஏற்கெனவே வார்டுகளில் சுழன்று பயிற்சி பெற்றவர் என்பதால் மருத்துவமனைப் பயிற்சியில் கொஞ்சம் குறைக்கிறார்கள். உடனே "அப்போ நான் முதலில் பி.ஏ. படிக்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். பி.ஏ. படிப்பே இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு வருடத்தை மிச்சப்படுத்த இரண்டு வருடம் செலவழிப்பது என்ன கணக்கு?

வேடிக்கை என்னவென்றால், டி.ஓ. உலகத்தில் ஒருமுறை பட்டமே மொத்தமாக மாறியிருக்கிறது. 1962-ல் கலிபோர்னியாவில் டி.ஓ., எம்.டி. இரு தரப்புச் சங்கங்களும் இணைந்தபோது, அங்கிருந்த டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. பட்டம் வாங்கிக்கொண்டார்கள். ஈராயிரம் பேருக்கு மேல். புதிய டி.ஓ.க்களுக்கு அந்த மாநிலத்தில் லைசென்ஸ் நிறுத்தப்பட்டது. 1974-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. ஆனால் அவர்கள் எல்லாம் ஏற்கெனவே டாக்டர்கள். அந்த 65 டாலர் திட்டம் உங்களுக்கும் எனக்கும் கிடைக்காது.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் முதல் ஆண்டைத் தாண்டுவது பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ நீங்கள் முதல் ஆண்டின் வாசலுக்கே இன்னும் வரவில்லையோ என்று சந்தேகம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயாலஜி எல்லாம் லேபோடு கல்லூரியில் படித்திருக்க வேண்டும். பி.பி.டி.யில் ஆர்கானிக் ஏது? ப்ளஸ் டூவில் விழுந்து விழுந்து படித்த கெமிஸ்ட்ரி இங்கே கணக்கில் வராது. மேலும், பட்டப்படிப்பின் பெரும்பகுதியை அமெரிக்காவில் படித்திருக்க வேண்டும் என்று பல டி.ஓ. கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. உங்கள் சென்னைப் பட்டத்தையும் இங்கே முடித்த டி.பி.டி.யையும் சேர்த்துப் பார்த்தால் போதுமா என்பதை ஒவ்வொரு கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்திடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்காதீர்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். லைசென்சுக்காகச் செய்த சான்றிதழ் மதிப்பீட்டையே மறுபடி அனுப்பலாம் என்றும் நினைக்காதீர்கள். பாடவாரியாக, மதிப்பெண்ணோடு வேறொன்று கேட்பார்கள்.

உண்மையில் காலம் மிச்சமாவது இங்கேதான். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை எழுதிய பிறகு ஒரு பாடம் குறைகிறது என்று தெரிந்தால் ஒரு வருடம் போய்விடும். பல கல்லூரிகள் மூன்று வருடத்துக்கு மேற்பட்ட எம்கேட் மதிப்பெண்ணை ஏற்பதில்லை. அதனால் பாடங்கள் முதலில், தேர்வு பிறகு. விண்ணப்பம் மே மாதம் திறக்கும். விண்ணப்பங்கள் வர வர நேர்முகத்துக்கு அழைப்பார்கள், ஆகவே முன்னால் போடுகிறவருக்கு லாபம்.

பணத்தையும் பாருங்கள். பல தனியார் டி.ஓ. கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணமே 50,000 டாலரைத் தாண்டுகிறது. 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர் என்று வரம்பு வைத்துவிட்டார்கள். மிஷிகன்வாசி என்பதால் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டி.ஓ. கல்லூரியை முதலில் பாருங்கள். நான்கு வருடம் படிப்பு, பிறகு ரெசிடென்சி: குடும்ப மருத்துவம் என்றால் மூன்று, மறுவாழ்வு மருத்துவம் என்றால் நான்கு. முடிக்கும்போது வயது நாற்பத்தைந்தைத் தொடும். வீட்டில் இதைப் பேசிவிட்டீர்களா?

கரீபியன் விஷயம்: உங்கள் டி.பி.டி. கிரெடிட்டை அந்தக் கல்லூரி ஏற்கலாம். நாளை லைசென்ஸ் தருவது அந்தக் கல்லூரி அல்ல, மாநில மருத்துவ வாரியம். டிரான்ஸ்கிரிப்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மருத்துவப் படிப்பு எத்தனை மாதம், எங்கே நடந்தது என்று கேட்பார்கள். பிசியோதெரபி வகுப்பறையில் கழித்த மாதங்களை எந்தக் கட்டத்தில் நிரப்புவீர்கள்? அதோடு, அங்கே கிடைப்பது எம்.டி. பட்டம், டி.ஓ. அல்ல.

எதுவுமே கூட வராதா என்றால், கை வரும். நீங்கள் தினமும் இடுப்புக்குச் செய்கிற மசில் எனர்ஜி முறையை உருவாக்கியவர் பிரெட் மிட்செல் என்ற டி.ஓ.; கவுண்டர்ஸ்ட்ரெயின் என்ற முறையைத் தந்த லாரன்ஸ் ஜோன்ஸும் டி.ஓ.தான். ஒன்பது வருடமாக அவர்கள் வீட்டுச் சாமானைத்தான் புழங்கிக்கொண்டிருக்கிறீர்கள். டி.ஓ. கல்லூரியின் கைவழிச் சிகிச்சைப் பயிற்சி வகுப்பில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் இடுப்பெலும்பின் முனையைத் தேடி முதுகில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது உங்கள் கட்டைவிரல் நேராக அங்கே போய் நிற்கும். ஒரு நாளும் அதற்கு கிரெடிட் தர மாட்டார்கள். ஆனால் 'ஏன் எம்.டி. இல்லாமல் டி.ஓ.' என்று நேர்முகத்தில் கேட்டால், மனப்பாடம் செய்யாமல் பதில் சொல்லக்கூடியவர்களில் நீங்களும் ஒருவர்.

பல கல்லூரிகள் ஒரு டி.ஓ.விடமிருந்து பரிந்துரைக் கடிதம் எதிர்பார்க்கும். உங்கள் கிளினிக்குக்கு நோயாளிகளை அனுப்புகிறவர்களில் டி.ஓ. ஒருவராவது இருப்பார், மிஷிகனில் இல்லாமல் இருக்க மாட்டார். அடுத்த முறை போனில் பேசும்போது, ஒரு நாள் உங்களோடு கூட நிற்கலாமா டாக்டர் என்று கேட்டுவிடுங்கள்.