சர்வீஸ் சார்ஜ் கட்டியாக வேண்டுமா?

கேள்வி: சேலத்தில் ஓர் ஏ.சி. உணவகத்தில் குடும்பத்தோடு சாப்பிட்டோம். பில்லில் 10 சதவீதம் 'சர்வீஸ் சார்ஜ்' சேர்த்திருந்தார்கள். அதைக் கட்டிவிட்டுச் சப்ளையருக்குத் தனியாக டிப்ஸும் வைக்க வேண்டுமா? அமெரிக்காவில் இருக்கும் என் மகன், அங்கே 20 சதவீதம் வைப்பதுதான் மரியாதை என்கிறான். எது முறை?
- வாசகர், ராசிபுரம்

பதில்: சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. பில்லில் அரசுக்குப் போவது ஜி.எஸ்.டி. மட்டும்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, உணவகங்கள் இதைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. 2025 மார்ச் 28-இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மகன் சொல்வது அந்த ஊருக்குச் சரி. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய கூலி, அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். மற்றவர்களுக்கான குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். நடுவில் உள்ள பள்ளத்தை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்புகிறது. நிரம்பாதபோதுதான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இதை ஏற்பதில்லை. அங்கே முழுக் கூலியும் தந்தாக வேண்டும். ஜப்பானில் டிப்ஸ் வழக்கமே கிடையாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் முதல், டிப்ஸில் முதலாளி பங்கு எடுப்பது சட்ட விரோதம்.

தமிழ்நாட்டில் ஓட்டல் தொழிலுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. 'டிப்ஸ் வருகிறதே' என்று சொல்லி அதைக் குறைக்க நம் சட்டத்தில் இடமில்லை. வேலை நேரத்துக்கும் வார விடுமுறைக்கும் 1958-ஆம் ஆண்டின் உணவு நிறுவனங்கள் சட்டம் இருக்கிறது. நாமக்கல் பைபாஸில் நள்ளிரவில் லாரி டிரைவருக்குப் புரோட்டா வைப்பவருக்கும் இவை பொருந்தும். ஆகவே அவருடைய குடும்பம் நம் டிப்ஸை நம்பி நடக்கும் நிலை இருக்கக் கூடாது. கூலி குறைகிறது என்றால், மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் அவர் மனுக் கொடுக்கலாம். இதை அவரிடம் சொல்வதே பெரிய உதவி.

டிப்ஸ் வைப்பதும் வைக்காததும் உங்கள் விருப்பம். நன்றாகப் பரிமாறினார் என்று தோன்றினால் தாராளமாகக் கொடுங்கள். சதவீதக் கணக்கு வேண்டாம். எல்லோரும் போனில் பணம் கட்டத் தொடங்கியபின் பில் தட்டில் சில்லறை விழுவது குறைந்துவிட்டது. அதனால் ரொக்கமாக அவர் கையிலேயே கொடுங்கள். இலை எடுத்து மேஜை துடைப்பவருக்கும் தனியாகக் கொடுங்கள். சப்ளையருக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்வரை போய்ச் சேருவதில்லை.