பட்ட பாட்டுக்கும் கணக்கு வையுங்கள்

மரக்காணம் உப்பளத்தில் புதிதாக இறங்கும் பிள்ளைகளே, உப்புக்கு மூட்டைக் கணக்கு இருக்கிறது. கூலிக்கு நாள் கணக்கு இருக்கிறது. பட்ட பாட்டுக்கு மட்டும் நாம் நினைவை நம்புகிறோம். அதை நம்பி நாளைய சுமையை முடிவு செய்வது ஆபத்து.

1. அன்றைய அலுப்பை அன்றே குறியுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்தால் நேற்றைய பாடு சிறிதாகத் தெரியும்; இடுப்பு வலியோடு எழுந்தால் பெரிதாகத் தெரியும்.

2. எண்ணால் சொல்லுங்கள். சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் இதற்கென்றே அளவுகோல் வகுத்தார். முதலில் 6 முதல் 20 வரை. பிறகு 0 முதல் 10 வரை. நமக்கு இரண்டாவது போதும்: 0 என்றால் சிரமமே இல்லை, 10 என்றால் தாங்க முடியாத உச்சம். வேலை நடக்கும்போது கேட்டால் உடம்பு பெரும்பாலும் சரியாகவே சொல்லும். பிறகு நினைத்துப் பார்க்கையில்தான் பிசகும்.

3. கடைசி வேலையை வைத்து முழு நாளையும் எடைபோடாதீர்கள். 1993இல் உளவியலாளர் டேனியல் கானமனும் உடன் ஆய்ந்தவர்களும் சிலரை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி. அதோடு கூடுதலாக 30 விநாடி, நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றியபடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். முடிவு சற்று இதமானதால் அதிகமாகப் பட்ட வேதனை மறந்துபோனது. பாத்தி மிதித்தது, உப்பு வாரியது, கூடை சுமந்தது, ஒவ்வொன்றுக்கும் தனி எண் போடுங்கள்.

4. நேரத்தையும் சேருங்கள். உடற்பயிற்சி ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் விளையாட்டு வீரர்களுக்குச் சொன்ன வழி இது: பயிற்சி முடிந்து அரை மணி கழித்து மொத்தத்துக்கு ஓர் எண் போட்டு, அதை நிமிடங்களால் பெருக்குவது. 240 நிமிடம், எண் 6 என்றால் 1440. 300 நிமிடம், எண் 5 என்றால் 1500. லேசாக இருந்ததாகத் தோன்றிய நாள்தான் அதிகம் வாங்கியிருக்கிறது.

5. வெயிலையும் தண்ணீரையும் பக்கத்தில் எழுதுங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் ஆய்வு செய்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வெப்ப அளவைத் தாண்டியே உழைத்தார்கள். சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடும் குறைந்திருந்தது. சிறுநீர் குறைந்து, நிறம் அடர்ந்தால் அதையும் எழுதுங்கள். பெண் பிள்ளைகளே, கழிப்பறை இல்லையென்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். கழிப்பறையைக் கேட்டு வாங்குங்கள், அது உரிமை.

6. போன பருவத்தை நம்பி முதல் நாளே முழுச் சுமை தூக்காதீர்கள். மழைக்காலத்தில் வேலை நின்றதும் வெயில் பழக்கம் உடம்பை விட்டுப் போய்விடும். தூக்கிய நினைவு மட்டும் மிஞ்சும். திரும்பப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை படிப்படியாக ஏற்றுங்கள்.

7. எழுதியதை மேஸ்திரியிடமும் மருத்துவரிடமும் காட்டுங்கள். "ரொம்பக் கஷ்டம்" என்ற பேச்சைத் தட்டிக்கழிக்கலாம். தேதியும் எண்ணும் போட்ட நோட்டை அப்படித் தள்ளிவிட முடியாது. நிழலும் ஓய்வும் குடிநீரும் கேட்க அதுவே உங்கள் ஆதாரம்.